பேருந்தில் கழியும் இரண்டு மணி நேரம்

கேள்வி: குடியாத்தத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வேலூருக்கு வந்து இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததால், ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் பாதிதான் புரிகிறது. கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விடுதி மாணவிகள் ஒரு குழு, நகரத்து மாணவிகள் ஒரு குழு. வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடும் எனக்கு நெருங்கிய தோழி என்று ஒருவரும் இல்லை. நாலு பேருக்கு உதவியாக இருக்கலாம் என்று நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. "முதலில் படிப்பைப் பார், மற்றதெல்லாம் அப்புறம்" என்கிறார் அம்மா. படிப்பு, நட்பு, சேவை மூன்றும் ஒருசேர நடக்குமா?
– வாசகி, குடியாத்தம் வட்டம்

பதில்: உங்கள் அம்மாவின் கவலை நியாயமானது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண்ணின் படிப்பு பாதியில் தடைப்படக் கூடாது என்று எந்தத் தாயும் நினைப்பார். ஆனால் முதலில் படிப்பு, அதன் பிறகு நட்பு, எல்லாம் முடிந்த பிறகு சேவை என்று வரிசை போட்டுக்கொண்டால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் முறை வருவதே இல்லை. முதலாவதும் அரைகுறையாக நின்றுவிடும். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், பாடம் புரியாமல் போவதற்கும் தோழி இல்லாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் தனியாகப் படிக்கிறீர்கள்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்பதும் சீன வம்சாவளி மாணவர்கள் தேறுவதும் எதனால் என்று அவர்களோடு இருந்து கவனித்தார். உழைப்பு போதாது, ஆர்வம் இல்லை, வீட்டுச் சூழல் சரியில்லை என்று மற்ற ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. தோற்றவர்களும் மணிக்கணக்கில் படித்தவர்களே. ஆனால் படிப்பு வேறு, நட்பு வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்து படித்தார்கள். தேறியவர்கள் முதலில் தனித்தனியே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லை என்று தெரிந்துவிட்டால், அதைத் தன்னுடைய மந்த புத்தி என்று யாரும் எண்ணிக்கொள்ளவில்லை. டிரைஸ்மன் அதே முறையில் பயிலரங்குகளைத் தொடங்கிய பின், அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. வேலூர் வகுப்பறையில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்று நினைக்கிறீர்களே, அதையும் இப்படிக் கூடிப் படித்தால்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

கூடிப் படிக்க யாரைத் தேடுவது என்பது அடுத்த கேள்வி. விடுதிக் குழுவையும் நகரத்துக் குழுவையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இறுகிப்போன குழுவுக்குள் நுழைவது யாருக்கும் கடினம். உங்கள் பேருந்தில், கே.வி.குப்பத்திலும் லத்தேரியிலும் ஏறி, காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் உங்களைப் போலவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மாணவிகள் இல்லையா? அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் அதிகம் உதவுவதில்லை என்றும், பேசிச் சிரித்துக் கழிக்கும் நேரமே உதவுகிறது என்றும் அவர் கண்டார். மாதத்துக்கு 20 வேலை நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 40 மணி நேரம் நீங்கள் அந்தப் பேருந்தில் இருக்கிறீர்கள். அந்த நேரம் இப்போது கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைப் பெண் வேறு துறையில் படிப்பவராக இருந்தாலும் பாதகமில்லை. வேதியியல் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் கடினமான பரீட்சை.

எப்படிக் கூடிப் படிப்பது என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் 'குரூப் ஸ்டடி' என்ற பெயரில் நோட்டுகளைப் பரிமாறிக்கொண்டு அரட்டையில் முடிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரிம வேதியியலை எடுத்துக்கொள்ளுங்கள். மூவிணைய ஆல்கைல் ஹாலைடு எதனால் எஸ்.என்.1 என்ற இரண்டு படி வழியில் வினைபுரிகிறது என்பதை நோட்டை மூடி வைத்துவிட்டுத் தோழிக்குச் சொல்லுங்கள். "ஹாலைடு அயனி முதலில் பிரிந்துபோகிறது, நேர்மின்சுமையுள்ள கார்போகேட்டயான் உண்டாகிறது" என்பீர்கள். "ஏன் அது முதலில் பிரிகிறது?" என்று அவர் கேட்க வேண்டும். "சுற்றியுள்ள மூன்று ஆல்கைல் தொகுதிகளும் எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுத்து அந்த நேர்மின்சுமையைத் தாங்குகின்றன." "அப்படியானால் ஓரிணைய ஹாலைடில் என்ன ஆகும்?" இந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டால், நோட்டைத் திறக்க வேண்டிய பக்கம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயன் குறைவு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களையோ, அந்தப் பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் 42 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியவர்கள் நினைவில் 56 சதவீதமும் நின்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், வினாத்தாளைப் பார்த்ததும் மறந்துபோவதும் எப்படி என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு ஒரு சுருக்கமான வழி உண்டு. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் தமிழில் படித்துத் தேறிய அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு பக்கம் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் மட்டுமே புதியவையாக இருக்கும். கல்லூரிப் பாடத்தில் வரும் சொற்களில் பெரும்பகுதி அவையேதான். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால், கேள்வியைத் தாளில் எழுதி, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். தமிழில் கேட்கும் மாணவியை ஏளனமாகப் பார்க்கும் ஆசிரியர் இருந்தால், கூச்சப்பட வேண்டியவர் அவர்தான்.

இனி சேவைக்கு வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்பது, மேலே சொன்ன 50 மணி நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். படம் எடுப்பதில் அது வீணாவது உங்கள் ஒரு கல்லூரியின் குறை மட்டுமன்று. ஒரே நாளில் செய்து முடித்து அறிக்கை அனுப்பக்கூடிய வேலைகளைத் தேர்ந்தெடுப்பதால் வரும் குறை. ஆண்டுக்கு ஒரு நாள் ஆயிரம் கன்று நடுவதைவிட, நட்ட பத்துக் கன்றுகளுக்கு வாரந்தோறும் தண்ணீர் ஊற்றுவதே கடினம். உங்கள் குடியாத்தம் சாலையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. வேலூரில் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஏற்படுத்திய ஐடா ஸ்கடர், அந்தச் சாலையோர மரத்தடிகளில் வாரந்தோறும் குறித்த நாளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். இந்த நாளில் இந்த இடத்தில் மருத்துவர் இருப்பார் என்ற நம்பிக்கை ஏற்பட்டதால்தான் சுற்றுவட்டாரத்து மக்கள் நடந்தாவது வந்து காத்திருந்தார்கள்.

அப்படி வாரந்தோறும் செய்யக்கூடியதாக, உங்கள் படிப்புக்கும் உதவக்கூடியதாக ஒரு வேலையைச் சொல்ல வேண்டுமென்றால், பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவதையும் தேர்வில் எழுதிக் கொடுப்பதையும் சொல்வேன். தேர்வர் தாமே எழுத்தரை அழைத்து வரும்போது, எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் அளிக்கச் சொல்லின. அந்த நெறிகளின்படி இளநிலை மாணவி முதுநிலை மாணவருக்கு எழுதலாம். ஆனால் நெறிகள் பின்னர் மாறியிருக்கின்றன. அந்தந்தத் தேர்வை நடத்துவோர் என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இது கையெழுத்து அழகாக இருப்பவர் எவரும் செய்துவிடும் வேலை என்று எண்ண வேண்டாம். கேள்வியை முழுவதுமாக ஒருமுறை, பிறகு உட்பிரிவு உட்பிரிவாக ஒருமுறை படிக்க வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். விடை தவறு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் முகத்தை மாற்றலாம், அவருக்குத் தெரியாது, ஆனால் குரலை மாற்றக் கூடாது. பத்தி முடிந்ததும் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். மீதி நேரம் எவ்வளவு என்று அவர் கேட்கும்போது மட்டும் சொல்ல வேண்டுமா, தானாகவே அவ்வப்போது சொல்ல வேண்டுமா என்பதை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். தேர்வு இல்லாத மாதங்களில் பாடநூல்களைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து தரலாம். ஆங்கில நூலை இப்படி வாய்விட்டு வாசிப்பதால் உங்கள் நாக்குத் தடையும் குறையும். உங்கள் கல்லூரியிலேயே அத்தகைய மாணவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையெனில், சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையினரைக் கேட்கலாம்.

வேலூருக்கே உரிய இன்னொரு தேவையும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்காக வரும் குடும்பங்கள், தோட்டப்பாளையம் பக்கத்து விடுதிகளில் தங்கி, மொழி தெரியாமல் அலைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சில துறைகள் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் கன்னிகாபுரத்து வளாகத்தில் இயங்குவதால், எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்பதிலேயே குழம்புகிறார்கள். வழிகாட்டலாம், விண்ணப்பத்தை நிரப்ப உதவலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள், பகலில் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பணத்தைக் கையில் வாங்காதீர்கள். இந்த மருத்துவரைப் பாருங்கள், இந்த விடுதியில் தங்குங்கள் என்று சொல்லாதீர்கள். தரகர்கள் நிறைந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு போகிறவர்மீதும் சந்தேகம் விழும்.

ரத்த தானத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் வேண்டும். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதால், முகாமில் உங்களைத் திருப்பி அனுப்பினால் அதை அவமானமாக எண்ணாமல், உங்கள் உடம்பைப் பற்றி இலவசமாகக் கிடைத்த தகவலாக எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

தனிமை தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இத்தனையையும் ஒரே பருவத்தில் செய்யப் புறப்பட்டால் அம்மா சொன்னதுதான் நடக்கும். ஒரு படிப்புத் துணை, ஒரு சேவை, அதுவும் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல். பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் சேவைக்கு விடுப்பு என்று, யாருக்கு வாசிக்கிறீர்களோ அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் வாயால் குறை சொல்லாமல், என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று அரைப் பக்கத்தில் எழுதி, சேர விரும்பும் இரண்டு மூன்று மாணவிகளின் கையெழுத்தோடு கொடுங்கள். மணிக்கணக்கு காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கும் இருப்பதால், எழுதிக் கொடுத்த திட்டத்தை எளிதில் மறுக்கமாட்டார். 7 நாள் முகாமுக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். முகாம் நடக்கும் ஊர், தங்குமிடம், உடன் வரும் பேராசிரியையின் பெயர், அவரது தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய கடிதத்தைக் கல்லூரியிலிருந்து வாங்கி, ஒரு மாதத்துக்கு முன்பே அம்மாவிடம் கொடுத்து, அவரையே அந்தப் பேராசிரியையிடம் பேசச் சொல்லுங்கள்.