நெஞ்சில் நீர், நீரில் பிளாஸ்மா செல்: கேள்வி பதில்

கேள்வி: மைலோமா எலும்பு மஜ்ஜையில் வரும் நோய்தானே டாக்டர், நுரையீரல் உறைக்கு எப்படிப் போகிறது?

பதில்: மைலோமா என்பது பிளாஸ்மா செல்லின் புற்று. நோயெதிர்ப்புப் புரதம் சுரக்கும் வெள்ளணு வகை அது; அதன் சொந்த வீடு மஜ்ஜைதான். கெட்டுப் பெருகும்போது விலா எலும்பை அரித்துக்கொண்டு உறைக்குள் இறங்கும். ரத்தம் வழியாகவும் வந்து ஒட்டும். மஜ்ஜை சுத்தமாக இருக்க, உறையில் மட்டும் தனிக்கட்டியாக முளைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். எலும்புக்கு வெளியே வரும் தனிக்கட்டிகளில் 100க்கு 80 மூக்கு, தொண்டைப் பக்கம்தான்.

கேள்வி: அப்பாவுக்கு மைலோமா. நெஞ்சில் நீர் கோர்த்திருக்கிறது. பரவிவிட்டதா?

பதில்: அதற்குள் முடிவு கட்டாதீர்கள். இதயத் தளர்ச்சி, சிறுநீரகப் பழுது, நிமோனியா, அமிலாய்டு என்ற கெட்ட புரதப் படிவு என்று வேறு காரணங்களே அதிகம். புற்று செல்லாலேயே நீர் சேர்வது மைலோமாக்காரர் 100 பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால் எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் செல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: நீரில் ஏ.டி.ஏ. என்ற நொதி அதிகம் என்று காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். சரியா?

பதில்: அடிக்கடி பார்க்கும் சறுக்கல் இது. ஏ.டி.ஏ. காசநோய்க்கு மட்டும் உரிய முத்திரை இல்லை; லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் ஏறும், மைலோமா நீரிலும் ஏறும். நீரில் பிளாஸ்மா செல் தெரிந்தாலும் உடனே புற்று என்று எழுத முடியாது, அழற்சியிலும் அவை வரும். எல்லாம் ஒரே வார்ப்பா என்று பார்க்க வேண்டும்: பிளாஸ்மா செல்லை அடையாளம் காட்டும் சிடி138 சாயம் ஏற்றி, அது சுரக்கும் புரதச் சங்கிலி வகைகளான கப்பா, லாம்டா இரண்டில் ஒன்று மட்டும்தான் இருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் பிரிப்புக் கருவியில் பார்ப்போம். ஒன்று மட்டும் என்றால் புற்று. நீரில் விடை கிடைக்காவிட்டால் உறையிலிருந்து சதை எடுக்க வேண்டும்.

கேள்வி: நானும் மருத்துவர்தான். காசநோய் மிகுந்த இடத்தில் ஏ.டி.ஏ.வை நம்பாமல் எல்லோருக்கும் சதை எடுக்க முடியுமா?

பதில்: எல்லோருக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? மைலோமா இருப்பவருக்கு, ரத்தத்தில் எம் புரதம் (ஒரே வார்ப்புப் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் புரதம்) உள்ளவருக்கு, மாத்திரைக்குப் பிறகும் நீர் வற்றாதவருக்கு. மற்றவர்களுக்கு உங்கள் கணக்கு சரி. ஆனால் செல் பரிசோதனைக்குச் சில மில்லி நீர் அனுப்புவதில் என்ன சிரமம்?

கேள்வி: அம்மாவுக்கு மைலோமா, நெஞ்சில் நீர்…

பதில்: இரண்டாம் பதில். கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கல்நார்த் தூசியால் வருமா?

பதில்: அது மீசோதீலியோமா, உறையிலேயே பிறக்கும் புற்று. வேறு நோய்.

கேள்வி: சிகிச்சை?

பதில்: தனிக்கட்டிக்குக் கதிர்வீச்சு. அதற்கு முன் மஜ்ஜைப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் பார்த்து, தனிக்கட்டிதானா என்று உறுதி செய்ய வேண்டும். மைலோமாவோடு வந்தால் போர்ட்டிசோமிப், லெனலிடோமைடு, டாரட்டுமுமாப் வகை மருந்துகள். மூச்சு முட்டினால் நீர் வடிப்பது. உறைக்கு வந்துவிட்ட மைலோமா முரட்டு ரகம், மறைப்பதில் பயனில்லை. மருந்தளவை ரத்தப் புற்று மருத்துவரிடம் கேளுங்கள். நான் கண்ணாடிச் சில்லில் செல் பார்க்கும் நோயியல் மருத்துவன்.