அல்ஜுனிட் வரை போய்த் திரும்பியவள் பதில் சொல்கிறேன்

சிங்கப்பூரில் கப்பல் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து 41 வயதில் விலகி, பெரியவர்களுக்குப் பாடம் நடத்தும் பயிற்றுநர் ஆனேன். இப்போது 52. வேலை மாற நினைப்பவர்களோடுதான் என் பகல்கள் கழிகின்றன. மனநல மருத்துவர் அல்லேன். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: கிடங்கில் 19 ஆண்டுகளாக மேற்பார்வையாளர். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லி வளர்த்தவர் என் அப்பா. அவர் சொன்னது சரிதானே அக்கா? (ஜூரோங், 46 வயது)

சரிதான். ஆனால் அந்தப் பழமொழி கரையிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லையே, தம்பி! ஆழத்தைத் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறது. ஆற்றைக் கடப்பவர் கையில் ஒரு கழி இருக்கும். ஓரடி எடுத்துவைக்குமுன் அதை ஊன்றிப் பார்ப்பார். உங்களுக்கும் இரண்டு கழிகள் உண்டு.

முதலாவது, சனிக்கிழமை. உங்கள் வட்டாரத்தில் முதியோருக்கான நிலையம் எதிலாவது தொண்டூழியராகச் சேர்ந்து எட்டு வாரம் போய்வாருங்கள். ஒரே கதையை நான்காவது முறையாகச் சொல்லும் தாத்தா எதிரில் உட்கார உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது எந்த விளம்பரத் தாளிலும் எழுதியிருக்காது.

இரண்டாவது, பணம். புதிய வேலையில் என்ன சம்பளம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். மூன்று மாதம் அந்தத் தொகைக்குள் இப்போதே குடும்பம் நடத்துங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது வாரமே சண்டை வரும்.

நீங்கள் சிங்கப்பூரர் என்றால், 40 வயதைத் தாண்டியவர் என்பதால், 2024 மே மாதம் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) 4,000 வெள்ளி சேர்ந்திருக்கும். குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே அது செல்லும். தகுதிபெறும் முழுநேரப் பயிற்சி என்றால் மாதப் படித்தொகையும் உண்டு: சராசரி வருமானத்தில் பாதி, உச்சவரம்பு 3,000 வெள்ளி.

கேள்வி: கடந்த ஆண்டிலிருந்து ஒரு படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். காணொளிகள், கட்டுரைகள், தெரிந்தவர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஏன்? (பொங்கோல், 29 வயது)

விசாரிப்பது சுகமாக இருப்பதால். படபடப்பு வரும்போது இன்னொரு காணொளியைப் பார்க்கிறீர்கள், படபடப்பு சற்று அடங்குகிறது. அடங்கியதைக் கண்ட மனம் அடுத்த முறையும் அதையே கேட்கிறது. தள்ளிப்போடுவது இப்படித்தான் பழக்கமாகிறது. உங்களுடையது உழைப்பு வேடம் போட்டிருப்பதால் உங்களுக்கே தெரியவில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 பேர் கணினித் திரையில் கற்களைப் புரட்டினார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் மன உளைச்சல் மிக அதிகம்! வியர்வையும் கண்மணியின் விரிவும் அதைக் காட்டிக்கொடுத்தன. ஒரு முடிவும் எடுக்காமல் நீங்கள் ஓராண்டாக நிற்பது அந்த நடுப்புள்ளியில்தான். 'இடமில்லை' என்று பதில் வந்தாலும் இதைவிட நன்றாகத் தூங்குவீர்கள்.

கேள்வி: கணவர் இருந்தவரை எம்ஆர்டி ரயிலில் தனியாக ஏறியதில்லை. தேக்காவுக்கு நானே போய்வர விரும்புகிறேன். மகன் டாக்சியில் போகச் சொல்கிறான். (அங் மோ கியோ, 67 வயது)

அம்மா, மகன் அன்பில்தான் சொல்கிறார். ஆனாலும் நீங்கள் ரயிலிலேயே போங்கள்.

முதல் நாள், நிலையத்துக்குப் போய் மேடையில் உட்கார்ந்து இரண்டு ரயில்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். மறுநாள் பீஷான் வரை, ஒரே நிலையம். இறங்கி, எதிர்மேடைக்குப் போய்த் திரும்பிவிடுங்கள். அது சலித்துப்போன பிறகு நியூட்டன். அங்கேதான் தடம் மாறவேண்டும், நடை கொஞ்சம் அதிகம். முதல் தடவை மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அவர் பத்தடி பின்னால் வரட்டும், வாய் திறக்கக்கூடாது. நியூட்டனுக்கு அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா, தேக்கா அங்கேதான்.

ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் 1950களில் வகுத்த முறைக்கும் அடிப்படை இதுதான்: அச்சத்தைப் படிகளாக்கு, கீழ்ப்படியில் மனம் அமைதியான பிறகே மேற்படிக்குப் போ. வழி தவறினாலும் குற்றமில்லை. ஊழியரிடம் கேளுங்கள், தமிழ் தெரிந்தவரும் அகப்படலாம்.

கேள்வி: பயமே இல்லாதவளாக ஆவது எப்படி?

தெரியவில்லை. அப்படி ஒருவரை நான் சந்தித்ததும் இல்லை.

கேள்வி: புதிதாக எதையாவது நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை. மூன்று வாரமாகிறது.

இதற்குக் கழியும் படியும் போதாது. பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. வேலையும் படிப்பும் காத்திருக்கட்டும்.

கேள்வி: உங்கள் முதல் நாள் எப்படி இருந்தது?

பாய லேபாரில் மாலை வகுப்பு. தெம்பனிஸில் ரயில் ஏறினேன். பாய லேபாரில் கதவு திறந்தது, நான் எழவில்லை. மடியில் புதுக் கோப்பு. அதன் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். கதவு மூடிக்கொண்டது. அல்ஜுனிட்டில் இறங்கி, மேடையில் ஐந்து நிமிடம் நின்று, எதிர் ரயிலைப் பிடித்தேன். வகுப்புக்குள் நுழைந்தபோது இருபது நிமிடம் தாமதம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் பேனா இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இரண்டு இருந்தன.

கேள்வி: இப்போது எதற்குப் பயப்படுகிறீர்கள்?

சைக்கிளுக்கு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கற்கிறேன். மூன்று வாரமாகியும் வலது கால் தரையை விட்டு முழுதாக எழவில்லை. என்னைத் தாண்டிப் போன ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மணியடித்து, "ஆன்ட்டி, ஓரமா!" என்று கத்திவிட்டுப் போனாள். இந்த ஞாயிறும் போகிறேன்.