சிவசாமி எந்தப் பக்கத்தில் வருகிறார்?

கேள்வி: போன வருடம் ஒரு வைராக்கியத்தில் எட்டுப் புத்தகங்கள் படித்து முடித்தேன். என் கருத்துகள் இவை. பொன்னியின் செல்வன்: ஐந்து பாகமும் இழுவை, படம் பார்த்தாலே போதும். என் சரித்திரம்: முடிவே இல்லை, என் பிரதியில் கடைசிப் பக்கங்களை விட்டுவிட்டு பைண்டு செய்திருக்கிறார்கள், கடைக்காரரிடம் சண்டை போடப் போகிறேன். தண்ணீர்: ஒன்றுமே நடக்கவில்லை. கோபல்ல கிராமம்: பேச்சுத் தமிழ், படிக்கவே எழுத்துப்பிழை மாதிரி இருக்கிறது, யாராவது திருத்திக் கொடுத்திருக்கலாம். வெக்கை: சிவசாமி பாத்திரம் பிரமாதம், நூற்றுக்கு நூறு. வெண்ணிற இரவுகள்: சின்னப் புத்தகம், சூப்பர். பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை: என் வாழ்க்கையையே மாற்றியது. எட்டாவது சமைத்துப் பார். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது வேறு வழியில்லாமல் புரட்டியது. ஆழாக்கு என்று ஏதோ போட்டிருந்தது, அம்மாவிடம் போனில் கேட்டேன், பரண்மேல் பித்தளையில் இருக்கும் பார் என்றார், எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து அதில்தான் அளந்தேன், இப்போதும் வீட்டில் அதில்தான் அரிசி அளக்கிறோம். ஆனால் இதெல்லாம் புத்தகக் கணக்கில் வருமா? என் ரசனை எப்படி, ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

பதில்: ஒளிக்காமல் சொல்லச் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். வெக்கை நாவலில் சிவசாமி எந்தப் பக்கத்தில் வருகிறார்?

தேட வேண்டாம், வரமாட்டார். பூமணி 1982இல் கொண்டுவந்த அந்த நாவலில் அப்பாவின் பெயர் பரமசிவம். சிவசாமி என்பது 2019இல் அசுரன் படத்தில் தனுஷுக்கு வைத்த பெயர். படம் அப்பாவின் கதை. நாவலோ பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. கையை வெட்டத்தான் நினைத்துப் போகிறான், ஆள் செத்துப்போகிறான், அப்புறம் அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுத்தார்கள், எதைப் பொறுக்கி அடுப்பு மூட்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதை அந்த மனுஷன் எழுதியிருக்கிற நிதானத்தைப் பார்த்தால், கொலை செய்துவிட்டு ஓடுகிறவர்களுக்கும் வயிறு பசிக்கும் என்கிற சாதாரண விஷயம் அப்போதுதான் நமக்கு உறைக்கும். படத்தில் கீழ்வெண்மணியை ஞாபகப்படுத்தும் அந்தப் பழைய கதை படத்துக்காகச் சேர்த்தது. நல்ல படம், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நீங்கள் நூற்றுக்கு நூறு போட்டது வேறொருவர் எழுதிய பரீட்சைத் தாளுக்கு.

உங்கள் குட்டை உடைப்பதற்காக இதைச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் அதற்கும்தான்). மற்றக் கருத்துகளைப் படித்தபோதும் எனக்கு அதே சந்தேகம் வந்தது. இழுவை, சூப்பர், பிரமாதம், ஒன்றுமே நடக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல அட்டையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடையில் யாராவது சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

என் சரித்திரத்துக்கு வருவோம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். உங்கள் பிரதியில் ஒரு குறையும் இல்லை. உ.வே.சா. தன் வாழ்க்கைக் கதையான அதை 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கி வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். 1942 ஏப்ரல் 28 அன்று காலமாகிவிட்டார். 122 அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று. கதை 1898 வாக்கிலேயே நிற்கிறது, அதற்கப்புறம் அவர் வாழ்ந்த நாற்பத்துச் சொச்சம் வருடம் அந்தப் புத்தகத்தில் கிடையாது. 1950இல் முதல்முதலாகப் புத்தகமாக வந்தபோதும் இப்படித்தான் வந்தது. எமனிடம் போட வேண்டிய சண்டையைப் பாவம் ஒரு கடைக்காரரிடம் போடப் பார்த்தீர்கள்.

அதிருக்கட்டும். முடிவு இல்லை என்று முறையிடுகிறவர், நடுவில் இருந்ததைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா? தளிர் ஆராய்ச்சி என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதே, அதைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போயிருக்கிற பதினாறு வயதுப் பையன் உ.வே.சா. பிள்ளையவர்களோ எப்போதும் ஆள் சூழ இருக்கிறவர், தனியாக நெருங்கிப் பேச வழியில்லை. வீட்டுக் கொல்லையில் புதிதாக மரம் செடி வைத்து, காலையில் எழுந்ததும் எது தளிர் விட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது அவருக்கு வழக்கம். பையன் இதைக் கவனித்துவிட்டான். அவர் வருவதற்கு முன்னாலேயே இவன் எழுந்துபோய், எந்தச் செடியில் எங்கே புதுசாகத் துளிர்த்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இதோ இங்கே, அதோ அங்கே என்று காட்டுகிறான். அப்படித்தான் அவர் மனசுக்குள் போய் உட்கார்ந்து நேரடியாகப் பாடம் கேட்கும் இடத்தைப் பிடிக்கிறான். காக்காய் பிடிப்பதில் இவ்வளவு அழகான முறையை நான் வேறெங்கும் படித்ததில்லை. இதை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, அதே அத்தியாயத்தை வீட்டில் இருந்தவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். உங்களுக்கோ கடைசிப் பக்கம் காணோம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதே புத்தகத்தில் உங்கள் கடிதத்துக்கு நெருக்கமான இடம் ஒன்றும் இருக்கிறது. கும்பகோணத்துக்கு முனிசீபாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880 அக்டோபர் 21 அன்று உ.வே.சா. போய்ப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற உ.வே.சா. அதுவரை அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு சந்திப்பிலிருந்து ஏழு வருடம் உழைத்து 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். நான் முதலியார் இல்லை, நீங்களும் உ.வே.சா. இல்லை, ஆனாலும் உங்கள் பட்டியலை வாசித்தபோது அந்த முதலியார் முகம் கொஞ்சநேரம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பொன்னியின் செல்வன் இழுவை என்பதில் பாதி உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஐந்தாம் பாகம் எனக்கும் இழுவைதான். இத்தனைக்கும், கதை சட்டென்று முடிந்துவிட்டதாக நினைக்கிற வாசகர்களுக்குக் கல்கி முடிவுரையில் தனியாகப் பதில் எழுதியிருக்கிறார். இன்னொரு பாதி உங்கள் தப்பு. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை வருடம் வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் இருட்டில் யாராவது வந்து நிற்பார்கள், அடுத்த வாரம் நம்மைக் கடைக்கு வரவழைக்க. அதைப் பத்து நாளில் விழுங்கினால் அஜீரணம் ஆகாமல் என்ன செய்யும்? என் பெரியம்மா பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படத்துக்குப் பின்பக்கத்தில் வேறு ஏதோ கட்டுரையின் வால் இருக்கும், சில இடத்தில் விளம்பரம் இருக்கும். வந்தியத்தேவன் கடலில் தத்தளிக்கும் கட்டத்தை நான் தலைவலித் தைலத்தோடு சேர்த்தே படித்தவன். படம் பார்த்தாலே போதும் என்பது பற்றிச் சொல்ல எதுவுமில்லை, போதுமென்றால் போதும்.

கோபல்ல கிராமத்தைத் திருத்த வேண்டும் என்கிறீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காகத் திருடன் ஒருவன் தண்ணீருக்குள் அழுத்துகிறான், உயிர் போகிற அந்த நேரத்தில் அவன் கால் கட்டைவிரலை அவள் கடித்துக்கொள்கிறாள், செத்த பிறகும் விடவில்லை. இதைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுத்துப்பிழைதான் கண்ணில் பட்டது என்றால், பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, விண்ணப்பிக்கலாம். நீங்கள் பிழை என்று நினைக்கிற சொற்களுக்குத்தான் அதை எழுதிய கி.ரா. அகராதியே போட்டார். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, 1982.

தண்ணீரில் ஒன்றுமே நடக்கவில்லையா? காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அப்படித் தோன்றியிருக்கலாம், கோபித்துக்கொள்ளவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்ப் பம்பாக அலைகிறார்களே, அதுதான் நடக்கிறது. அசோகமித்திரன் நாவலை நான் இரண்டாம் தடவை படித்தது 2019 ஜூலையில். ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் சென்னைக்கு வந்த மாதம். எங்கள் தெருவில் லாரிக்காக இரவு இரண்டு மணிக்கு டோக்கனோடு நின்றவர்களுக்கு ஜமுனாவும் சாயாவும் யாரென்று தெரியாது, ஆனால் அந்த வரிசையில் கேட்ட பேச்சில் பாதி அந்த நாவலில் ஏற்கெனவே இருக்கிறது.

வெண்ணிற இரவுகள் சூப்பர் என்பதில் தகராறு இல்லை. சின்னப் புத்தகம் என்பதற்காக சூப்பரா, இல்லை வேறு காரணமா என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்புறம் உங்கள் வாழ்க்கையை மாற்றிய புத்தகம். சுயமுன்னேற்றப் புத்தகம் என்றதும் முகம் சுளிக்கிற கூட்டத்தில் நான் இல்லை. பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பேசலாம் என்ற தைரியத்தையாவது அது கொடுக்கிறது. ஆனால் என்ன மாறியது? குடியிருக்கிற சொந்த வீடு சொத்தில்லை, செலவு வைக்கிற சுமைதான் என்கிறது அந்தப் புத்தகம். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தால் அதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பார்த்தீர்களா? சொன்னபோது என்ன நடந்தது? அதை எழுதுங்கள், ஒரு பக்கம் ஒதுக்கித் தருகிறேன். வாழ்க்கையையே மாற்றியது என்ற வாக்கியத்தை அந்தப் புத்தகத்தைப் பற்றி இதுவரை எத்தனை பேர் எனக்கு எழுதியிருப்பார்கள் தெரியுமா, மாறிய வாழ்க்கையை ஒருவர்கூடக் காட்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், கணக்கில் வருமா என்று நீங்களே கூச்சப்படுகிற எட்டாவது புத்தகம். ஆழாக்கு என்ற சொல் புரியவில்லை, அம்மாவைக் கேட்டீர்கள், பரணில் ஏறினீர்கள், பச்சை பிடித்த பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தீர்கள், இன்றைக்கும் அரிசி அதில்தான் விழுகிறது. ஏழு புத்தகத்துக்கும் தீர்ப்பு சொன்னவர் இதைத்தான் படித்திருக்கிறார். வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை லேசாக நினைக்காதீர்கள். கேட்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் சமையல் குறிப்பை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த எஸ். மீனாட்சி அம்மாள், உறவினர் ஒருவர் சொல்லி அதை 1951இல் புத்தகமாகப் போட்டார். கிலோவும் லிட்டரும் நம் கடைகளுக்கு வராத காலம், அதனால்தான் படியும் ஆழாக்கும் பலமும். எட்டு ஆழாக்கு ஒரு படி, உங்கள் பித்தளை இப்போதைய கணக்கில் ஏறக்குறைய 168 மில்லி பிடிக்கும், அளந்து பார்த்து எழுதுங்கள், பழைய அளவைகள் அவ்வப்போது வஞ்சனை செய்யும். எங்கள் வீட்டுப் பிரதியில் ரசப் பக்கம் மஞ்சள் கறையில் ஊறி இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருடமாகப் பிரித்துப் படிக்க முடியவில்லை, ரசம் மட்டும் சரியாக வந்துகொண்டிருக்கிறது.

இந்த இதழின் பரிசுப் புத்தகம் உங்களுக்குத்தான். வெக்கை அனுப்புகிறோம். முகவரியில் பின்கோடு விட்டுப்போயிருக்கிறது, ஒரு கார்டு போடுங்கள்.