கம்பைலர் துறைக்குப் போக விரும்பும் மூன்றாமாண்டு மாணவருக்கு

தம்பி, உங்கள் ரெஸ்யூமேயைப் படித்தேன். "கம்பைலர் ஆப்டிமைசேஷனால் புரோகிராமை 1,000 மடங்கு வேகப்படுத்தினேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் இன்டர்வியூ எடுத்தால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

நீங்கள் அனுப்பிய கோடில் லூப் நூறு கோடி முறை சுற்றிக் கூட்டுகிறது; ஆனால் விடையை எங்குமே பயன்படுத்தவில்லை. வேகமான புரோகிராமைத் தரச் சொல்லும் ஓ2 ஆப்ஷனைக் கொடுத்ததும், கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர், யாருக்கும் வேண்டாத வேலை என்று லூப்பையே தூக்கிவிட்டது. புரோகிராம் தொடங்கி முடிகிற நேரத்தைத்தான் அளந்திருக்கிறீர்கள். விடையை அச்சிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டும் லூப்பைப் பார்த்தால், கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் அதைப் பத்தாம் வகுப்புக் கூட்டுத்தொடர் சூத்திரமாகவே மாற்றிவிடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் உங்கள் அளவீடு போச்சு!

எண்களை ஃபைலிலிருந்து படித்து அர்ரேயில் போடுங்கள், விடையை அச்சிடுங்கள். பிறகு 'கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாதது), ஓ2 இரண்டின் அசெம்பிளியையும் (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலவசம்தான். எது மாறியது என்று தெரிந்த பிறகே கடிகாரத்தைத் தொடுங்கள். லினக்ஸில் 'பெர்ஃப்' கருவி நேரத்தோடு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன், எத்தனை கேஷ் மிஸ் (வேண்டிய டேட்டா சிப்பின் வேக நினைவகத்தில் இல்லாமல் போவது) என்பதையும் சொல்லும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பிரவுசரை மூடி, பலமுறை ஓட்டி, நடுமதிப்பையும் சிதறலையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், 2009இல் வெளியான ஓர் ஆய்வு, என்விரான்மென்ட் வேரியபிள்களின் (புரோகிராமுக்கு சிஸ்டம் கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்) மொத்த அளவோ ஃபைல்களை ஒரே புரோகிராமாக லிங்க் செய்யும் வரிசையோ மாறினாலே, ஓ2வைவிட அடுத்த நிலையான ஓ3 மேலா இல்லையா என்ற முடிவு தலைகீழாகலாம் என்று காட்டியது. கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை! ஒருமுறை ஓட்டிப் பார்த்து 2 சதவீத முன்னேற்றம் என்று எழுதினால் யார் நம்புவார்?

இந்தத் துறையில் வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டதற்கு வருகிறேன்: வேலை இருக்கிறது, இடங்கள் குறைவு. இன்டெல், ஏஎம்டி, என்விடியா, குவால்காம் போன்ற சிப் நிறுவனங்களுக்குக் கம்பைலர் ஆட்கள் வேண்டும். ஆனால் அதற்காக எல்லாக் கல்லூரி வாசலுக்கும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரமாட்டார்கள். அதனால் கிளாங் உருவாகும் எல்எல்விஎம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஒரு சின்ன பேட்சாவது (கோடு திருத்தம்) அனுப்பப் பாருங்கள். அங்கே எல்லாமே பொதுவெளியில் நடக்கிறது. ரிவ்யூவில் கேட்ட கேள்விக்கு நீங்கள் எப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதை நிறுவனத்தார் படித்துப் பார்க்க முடியும். பணம் கட்டி வாங்கும் சான்றிதழ்களை நான் அதற்குச் சமமாக வைக்கமாட்டேன்.

எம்.டெக். யோசனை இருந்தால் கேட் தேர்வுக்கு இப்போதே தொடங்குங்கள். கோடில் மதிப்புகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கம்பைலர் ஆராயும் டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ் அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, படிப்பு இரட்டை வேலையாகாது.