தண்டவாளக் குறையா, சக்கரக் குறையா?

வணக்கம். கடற்கரை–தாம்பரம் புறநகர் ரயிலில் பெட்டித் தரையில் கைப்பேசியை வைத்து, நொடிக்கு 100 அளவீடுகள் எடுத்ததில் சீரான இடைவெளியில் அதிர்வு முகடுகள் தெரிவதாகவும், அவை தண்டவாளக் குறைதானா என்று முடிவுசெய்ய இயலவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் வண்டியின் வேகத்தைக் கொண்டு, உங்கள் வரைபடத்தின் நேர அச்சைத் தூர அச்சாக மாற்றுங்கள். ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒருமுறை முகடு வந்தால் அது சக்கரத்தின் சுற்றளவு. சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கலாம். 13 மீட்டருக்கு ஒருமுறை என்றால் தண்டவாள இணைப்புகளைச் சந்தேகிக்கலாம். இதைவிட உறுதியான சோதனை, மறுநாள் வேறொரு வண்டியில் ஏறி அதே இடத்தில் அதே முகடு வருகிறதா என்று பார்ப்பதுதான். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால், சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையிலுள்ள அடையாற்றுப் பாலத்தில் அதிர்வு மாறும் இடத்தை அடையாளமாக வைத்து இரு பதிவுகளையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் பெட்டித் தரையை நான் அதிகம் நம்பமாட்டேன். நுண்ணதிர்வுகளில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள சுருள்வில்களே விழுங்கிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் சக்கர அச்சின் முனையிலுள்ள ஆக்ஸில் பாக்ஸில் உணரியைப் பொருத்துகிறார்கள். (அனுமதியின்றி அதன் அருகே செல்லாதீர்கள்.) மேலும், தண்டவாளப் பரப்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் அலைத்தேய்வு (அலைபோன்ற மேடுபள்ளம்) இருந்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 333 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 333 முறை) அதிர்வைத் தரும். நொடிக்கு 100 அளவீடுகள் எடுக்கும்போது, அதில் பாதியான 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் சரியாகப் பதிவாகாது. தண்டவாளத்தின் உள்ளே மறைந்திருக்கும் விரிசலுக்கு மீயொலிச் சோதனைதான் வழி.