வீட்டுக்கான புத்தக அலமாரி: கேள்வி பதில்

வீட்டில் புத்தக அலமாரி வாங்குவது, செய்விப்பது, சுவரில் பொருத்துவது ஆகியவை குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கோவை): ஐயா, கடையில் வாங்கிய அலமாரியின் தட்டுகள் 4 அடி நீளமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள பார்ட்டிக்கிள் போர்டு. ஓராண்டுக்குள் எல்லாத் தட்டுகளும் நடுவில் தொய்ந்துவிட்டன. 25 மி.மீ. பலகையாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுதான் சரியாகும், நீளத்தைக் குறைப்பதே முதல் வேலை. நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 30 கிலோ இருக்கும்; வழவழப்பான தாளில் அச்சிட்ட ஓவியப் புத்தகங்களும் தடித்த அகராதிகளும் அதையும் தாண்டும். இப்படிச் சீராகப் பரவிய சுமையில், தட்டு தொய்யும் அளவு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் குறைகிறது, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. அதே வகைப் பலகையில் 18 மி.மீ. தடிமனை 25 ஆக்கினால் இப்போதைய தொய்வில் ஏறத்தாழ 37 விழுக்காடு மிஞ்சும். தடிமனைத் தொடாமல் 4 அடி நீளத்தை 2½ அடியாக்கினாலோ 15 விழுக்காடுதான் மிஞ்சும். இந்தக் கணக்கைக் கேட்காமல் அலமாரி வாங்குபவர்கள் பெரும்பாலும் தடித்த பலகைக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

பார்ட்டிக்கிள் போர்டில் இன்னொரு குறையும் உண்டு. மரத்துகளைப் பசையுடன் அழுத்திச் செய்வதால், மாறாத சுமையின் கீழ் அது மாதக்கணக்கில் மெல்ல வளைந்துகொண்டே போகும்; சுமையை இறக்கிய பிறகும் முழுவதும் நிமிராது. தட்டைத் திருப்பிப் போட்டால் சில காலம் நேராக இருக்கும், பிறகு மறுபக்கம் தொய்யும்.

உங்கள் அலமாரியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு செங்குத்துப் பலகையைக் கொடுத்து, அவை அனைத்தும் ஒரே நேர்கோட்டில் தரைவரை இறங்குமாறு பொருத்துங்கள். அழகுக்காக அவற்றை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தால் மேல்தட்டின் சுமை கீழ்த்தட்டின் வயிற்றில் வந்து இறங்கும். நடுப்பலகை பிடிக்கவில்லை என்றால், தட்டின் முன்விளிம்பின் கீழே 1½ அங்குல உயரத் தேக்கு ரீப்பரைப் பசையும் திருகும் கொண்டு முடுக்குங்கள். தட்டு தடிமனாகத் தெரியும், தொய்வும் கணிசமாகக் குறையும்.

கேள்வி (திருச்சி): எங்கள் ஆசாரி 12 அங்குல ஆழம் வேண்டும் என்கிறார். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் தமிழ் நாவல்கள், கவிதை நூல்கள். அவ்வளவு ஆழம் தேவையா?

பதில்: தேவையில்லை. டெமி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 5½ அங்குல அகலமும் 8½ அங்குல உயரமும் கொண்டது. கிரவுன் அளவு அதைவிடச் சிறியது. 12 அங்குல ஆழத் தட்டில் இவற்றை வைத்தால் முன்னால் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அந்த இடத்தில் முதலில் தூசி சேரும், பிறகு இரண்டாவது வரிசைப் புத்தகங்கள் சேரும், பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது மறந்துபோகும். 9½ அங்குலம் போதும். தச்சருக்குப் புரியும் மொழியில் சொன்னால், 8க்கு 4 பிளைவுட் பலகையின் 4 அடி அகலத்தில், வாள் வெட்டில் போவது போக, 9½ அங்குலத்தில் 5 பட்டைகள் கிடைக்கும். 12 அங்குலம் என்றால் 4தான், அவையும் சற்றுக் குறைவாக வரும். 8 அடி நீளத்தை மூன்றாக வெட்டினால் தட்டு 32 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக அமையும். மேலே சொன்ன தொய்வுக் கணக்குக்கும் அது 18 மி.மீ. பிளைவுட்டில் பொருந்தும் நீளம். ஒரே பலகையில் 15 தட்டுகள், அதாவது ஏறத்தாழ 40 அடி புத்தக இடம். பக்கப் பலகைகளுக்குத் தனிப் பலகை வேண்டும்.

தட்டுகளுக்கிடையே 10 அங்குல உயரம் பெரும்பாலான தமிழ் நூல்களுக்குப் போதும். கீழ்த்தட்டை மட்டும் 13 அங்குலமாக வைத்துப் பெரிய புத்தகங்களை அங்கே நிறுத்துங்கள். எடை கீழே இருப்பது அலமாரிக்கும் நல்லது. பக்கப் பலகைகளில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போட்டுத் தட்டுகளை ஊசியில் நிறுத்தினால் உயரத்தைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): சுவரில் தண்டவாளம்போல் பொருத்தித் தட்டுகளை மாட்டும் 606 என்ற அலமாரியைப் படங்களில் பார்த்தேன். அதற்கு ஏன் அவ்வளவு பெயர்? இங்கே அதுபோல் செய்ய முடியுமா? எங்கள் அடுக்ககச் சுவர் தாங்குமா?

பதில்: 606 அமைப்பை ஜெர்மனியின் டீட்டர் ராம்ஸ் 1960-இல் விட்சூ நிறுவனத்துக்காக வடிவமைத்தார், இன்றும் தயாரிக்கப்படுகிறது. சுவரில் அலுமினியத் தண்டவாளங்கள், அவற்றில் சிறு ஊசிகள், ஊசிகளில் தொங்கும் மெல்லிய உலோகத் தட்டுகள், அவ்வளவுதான். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம், புத்தகம் பெருகும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் முன்பே, 1949-இல், சுவீடனின் போனியர் பதிப்பகம் நடத்திய போட்டிக்காக நிஸ்ஸே, காய்சா ஸ்ட்ரின்னிங் தம்பதியர் ஏணிபோன்ற கம்பிச் சட்டங்களில் தட்டுகள் தாங்கும் ஸ்ட்ரிங் அலமாரியை உருவாக்கினர். அலமாரி இருந்தால்தான் மக்கள் புத்தகம் வாங்குவார்கள் என்று ஒரு பதிப்பகம் கணக்குப் போட்டது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

அந்தக் கோட்பாட்டை இங்கே மலிவாகவே செய்துகொள்ளலாம். ஹார்டுவேர் கடைகளில் துளையிட்ட இரும்புச் சேனலும் அதில் மாட்டும் பிராக்கெட்டும் கிடைக்கின்றன. சேனல்களை 2 முதல் 2½ அடி இடைவெளியில் நிறுத்துங்கள். பிராக்கெட் தட்டின் ஆழத்துக்கு ஓரங்குலம் குறைவாக இருக்கட்டும்.

சுவர்தான் உண்மையான கேள்வி. துளையிடும்போது உதிரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், கெட்டியாக நின்று சாம்பல் நிறத்தில் வந்தால் கான்கிரீட், இரண்டும் தாங்கும். வெண்ணெயில் இறங்குவதுபோல் துரப்பணம் எளிதாக இறங்கி, வெளிறிய தூள் கொட்டினால் அது புதிய அடுக்ககங்களில் வரும் இலகுரக ஏஏசி கல் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கட்டி); அதற்கென்றே விற்கும் நங்கூரத் திருகுகள் இல்லாமல் புத்தகச் சுமையை ஏற்றாதீர்கள். ஜிப்சம் தடுப்பாக இருந்தால் சுவரை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் அலமாரிக்குப் போய்விடுங்கள். எந்தச் சுவரானாலும் பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் சிறு குழல்) நிற்பதாகாது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் முழுவதும் இறங்க வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): வாடகை வீடு. ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். எங்களுக்கு என்ன வழி?

பதில்: அடுக்கக்கூடிய பெட்டிகள். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் மோகன்ஸ் கோக் 1928-இலேயே சதுரப் பெட்டிகளாக ஓர் அலமாரியை வடிவமைத்தார்; ஒன்றின்மேல் ஒன்றாகவும் பக்கத்தில் பக்கத்திலும் வைத்து வேண்டிய வடிவத்தை அமைத்துக்கொள்ளலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் 30 அங்குலச் சதுரப் பெட்டிகளாகச் செய்து, நடுவில் ஒரு தட்டு கொடுங்கள். இரண்டு அடுக்குக்கு மேல் போகாவிட்டால் சுவரில் கட்ட வேண்டியதில்லை. பெட்டிகளை மட்டும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைத்துவிடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஐயா, தரைத்தள வீடு, கடற்காற்று, கரையான். எந்தப் பொருளில் செய்வது?

பதில்: உங்கள் ஊருக்குப் பார்ட்டிக்கிள் போர்டைப் பரிந்துரைக்க மாட்டேன், விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். கடையில் பிளைவுட் கேட்கும்போது பொதுப் பயன்பாட்டுக்கான ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையா, கொதிநீர் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரையா என்று பார்த்து, இரண்டாவதையே எடுங்கள். வெட்டிய விளிம்பு எதையும் மூடாமல் விடாதீர்கள்.

கரையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுவது. ஆகவே தரையோடு ஒட்டிய பெட்டியடியைத் தவிர்த்து, 4 அங்குல உயர இரும்புக் கால்கள் வையுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். குழாய் ஏறினால் கண்ணில் படும், சுவரின் ஈரமும் தாளைத் தொடாது. வசம்பும் வேப்பிலையும் வைக்கும் பழைய வழக்கத்தைத் தொடரலாம். ஆனால் அவற்றை நம்பிக் கரையானுக்கு மருந்தடிப்பதை விட்டுவிடாதீர்கள்.

பிளைவுட்டைத் தவிர இன்னொரு வழியை நம் பழைய வீடுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. சுவருக்குள் பதித்த கடப்பைக் கல் தட்டுகளைக் கரையான் தின்னாது, அவை ஊறி ஊதவும் செய்யாது. கறுத்த கல்லின் மெல்லிய விளிம்பு வெள்ளைச் சுவரில் எந்த நவீன வடிவமைப்புக்கும் குறைந்ததில்லை. எச்சரிக்கை ஒன்றுதான்: கல் தொய்ந்து முன்னறிவிப்புத் தராது, ஒரேயடியாக உடையும், எனவே 3 அடிக்குள் இரு பக்கமும் தாங்கல் இருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): கண்ணாடிக் கதவு தேவையா?

பதில்: வீடு பெருஞ்சாலையோரம் இருந்தால் தேவை. கதவில் சிறிது காற்றிடைவெளி விடுங்கள். கண்ணாடி வெயிலைத் தடுக்கும் என்று எண்ணி மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைத்தால் புத்தக முதுகுகள் வெளுத்துவிடும்.

கேள்வி (சேலம்): மரக்கிளை வடிவ அலமாரியை மகள் விரும்புகிறாள். வாங்கலாமா, அம்மாவும் நானும் தயங்குகிறோம்.

பதில்: புத்தகம் குறைவென்றால் வாங்குங்கள். இத்தாலியின் எத்தோரே சொத்சாஸ் 1981-இல் மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்பாளர் குழுவுக்காகச் செய்த கார்ல்டன் அலமாரியின் சாய்ந்த கைகளும் அப்படித்தான், சிற்பமாக நிற்கும். அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்தப் பொருளின் மேற்பரப்பு, நம் சமையலறைகளில் ஒட்டும் லேமினேட் வகையே என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சாய்ந்த தட்டில் புத்தகங்கள் சரிந்து முதுகு வளையும். எந்த வடிவமானாலும் ஆள் உயர அலமாரியை மேல்விளிம்பில் எல்-பிராக்கெட் கொண்டு சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் தட்டுகளைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள்.

கேள்வி (புதுச்சேரி): எத்தனை தட்டு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட வேண்டாம். புத்தகங்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி அளவு நாடாவால் அளந்து, அந்த நீளத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 60 அடி வந்தால் 80 அடியாகக் கொண்டு, 32 அங்குலத் தட்டுகள் 30 என்று தச்சரிடம் எழுதிக் கொடுங்கள். உயரமான புத்தகங்களைத் தனியே அளந்து, அவற்றுக்கு எத்தனை 13 அங்குலத் தட்டு என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். விலையை அதன் பிறகு பேசலாம்.