7 அங்குல ஆஸ்கர் தனியாக இருக்கிறது, கூட எந்த மீனை விடலாம்?

நீங்கள் கேட்டது இது: 4 அடித் தொட்டியில் ஆஸ்கர் என்ற வேட்டை மீன் ஒன்று, 7 அங்குலம், தனியாக இருக்கிறது. அதற்குத் துணையாக ஒரு சில்வர் அரோவானாவும் ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ் குட்டியும் விடலாமா, இல்லையென்றால் வேறு எதை விடலாம்? ரெட் டெயில் எந்த வீட்டுத் தொட்டியிலும் வேண்டாம். அரோவானா உங்கள் தொட்டியில் வேண்டாம். ஒத்துப்போகிற மீன்கள் சில உண்டு, ஆனால் அவற்றுக்கும் 4 அடி போதாது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் வாய். 'வாயில் நுழைகிற எதுவும் தீனிதான்' என்று பெரிய மீன் வளர்க்கிற எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, வாங்கப்போகும் மீனின் நீளத்தை மட்டும் பார்ப்பார்கள். ஆஸ்கர் இரையைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்கிற மீன் இல்லை. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, முழுசாக விழுங்கும். அதனால் எதிரே இருப்பது எவ்வளவு நீளம் என்பதைவிட, அதன் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே எவ்வளவு உயரம் என்பதைப் பாருங்கள். ஒல்லியான 4 அங்குல மீன், வளர்ந்த ஆஸ்கருக்கு ஒரே மடக்கு. அதே 4 அங்குலத்தில் தட்டு மாதிரி இருக்கும் சில்வர் டாலர் என்ற மீனை அதனால் விழுங்க முடியாது. ஓரிரு முறை முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இன்னொன்று, இந்தக் கணக்கை இன்றைய ஆஸ்கரை வைத்துப் போடக் கூடாது. குட்டி ஆஸ்கர் தொடக்கத்தில் மாதம் ஓர் அங்குலம் வரைகூட வளரும். உங்களுடையது 10, 12 அங்குலம் வரும்போது அதன் வாய் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் மற்ற மீனை வாங்க வேண்டும்.

வாயில் நுழைந்து உள்ளே போகாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும் மீன்களும் உண்டு. அதை நான் ஒரு காலையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் ஆஸ்கர் 6 அங்குலம் இருந்தபோது, கீழே விழும் தீனி மிச்சத்தைப் பொறுக்கட்டும் என்று மூன்று கோரிடோராஸ் மீன்களை விட்டேன். இரண்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. ஒருநாள் எழுந்து பார்த்தால் ஆஸ்கர் மூலையில் தலையை மேலே தூக்கியபடி நிற்கிறது, வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து கோரியின் வால் மட்டும் வெளியே தெரிகிறது. இந்தக் கெளுத்தி வகைக்கு முதுகுத் துடுப்பிலும் இரண்டு பக்கத் துடுப்புகளிலும் முள் இருக்கும். ஆபத்து வந்தால் முள்ளை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். வாலைப் பிடித்து இழுத்தால் கிழிவது ஆஸ்கரின் தொண்டைதான். ஆஸ்கரை ஈரத் துண்டில் சுற்றி வீட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, நகவெட்டியை வாய்க்குள் விட்டு முள்ளை ஒவ்வொன்றாக நறுக்கித்தான் எடுத்தேன். கோரி அதற்குள் செத்துவிட்டது. ஆஸ்கர் பிழைத்தது, ஆனால் ஒன்பது நாள் எதையும் வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வேட்டை மீன் தொட்டியில் குட்டிக் கெளுத்தி எதையும் நான் விடுவதில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சின்ன சக்கர் மீனுக்கும் இதே முள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது ரெட் டெயில். 3 அங்குலக் குட்டியாக, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் ஆரஞ்சு வாலுமாகப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது தென் அமெரிக்க ஆறுகளில் 1 மீட்டரைத் தாண்டி வளரும் கெளுத்தி. கிட்டத்தட்டத் தன் அளவே இருக்கும் மீனைக்கூட விழுங்கப் பார்க்கும், அதுவும் இரவில் மற்றவை அசையாமல் கிடக்கும் நேரத்தில். ஆஸ்கர் 7, ரெட் டெயில் 3 என்கிற இன்றைய கணக்கு சீக்கிரமே தலைகீழாகிவிடும். டைகர் ஷவல்நோஸ் என்ற கெளுத்தியும் அப்படித்தான். ஐடி ஷார்க் என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ் அவ்வளவு மூர்க்கம் இல்லை, ஆனால் அதுவும் 1 மீட்டருக்கு மேல் வளரும், மிரண்டால் கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். இந்த மூன்றையும் வீட்டுத் தொட்டிக்கென்று எப்படித்தான் விற்கிறார்களோ! வளர்ந்த பிறகு ஏரியில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். சக்கர் மீன் அப்படி விடப்பட்டுத்தான் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது.

அரோவானா விஷயம் வேறு. குணத்தைப் பார்த்தால் ஆஸ்கரோடு ஓரளவு ஒத்துப்போகக்கூடியதுதான். அது மேல்மட்டத்தில் உலாவும், ஆஸ்கர் நடுவிலும் அடியிலும் திரியும். பிரச்சினை இடம். சில்வர் அரோவானா தொட்டியிலேயே 2 அடியைத் தாண்டும். உங்கள் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால், அதற்கு உடம்பைத் திருப்பவே இடம் இருக்காது. மூடி இல்லாத தொட்டியில் ஒருநாள் தரையில்தான் கிடக்கும், ஏனென்றால் தண்ணீருக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை எகிறிப் பிடித்துப் பழகிய இனம் அது. மூடி இருந்தாலும் மேலே கனமாக ஏதாவது வைக்க வேண்டும்.

பின்னாளில் பெரிய தொட்டி வாங்கி அரோவானா விட்டாலும் சக்கர் மீனை மட்டும் யோசித்துச் சேருங்கள். என் நண்பர் ஒருவரின் அரோவானாவுக்குப் பக்கவாட்டில் வட்ட வட்டமாகச் செதில் மங்கிக்கொண்டே வந்தது. மருந்து ஊற்றினார், உப்புப் போட்டார், ஒன்றும் சரியாகவில்லை. ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஓர் அடி நீள சக்கர் அரோவானாவின் விலாவில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கூடவே போய்க்கொண்டிருக்கிறது. பாசி தின்னும் மீன்தான், ஆனால் தட்டையான உடம்புள்ள மீன் அசையாமல் நின்றால் அதன் வழவழப்புப் படலத்தைச் சுரண்டிப் பழகிவிடும். டிஸ்கஸ், திருக்கை மீன்களுக்கும் இதே தொல்லை. எல்லா சக்கரும் இப்படிச் செய்யாது. செய்கிறதா என்பது பகலில் தெரியாது, அதுதான் சங்கடம்.

சரி, எது ஒத்துப்போகும்? நான் முதலில் சொல்வது சில்வர் டாலர் கூட்டம், குறைந்தது 5 அல்லது 6. நாணய அளவில் வாங்கினால் விழுங்கிவிடும், 3 அங்குலத்துக்கு மேல் வாங்குங்கள். பெரும்பாலும் தாவரம் தின்னும் மீன், வேகமாக நீந்தும், யாரோடும் மல்லுக்கு நிற்காது. இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. என் ஆஸ்கர் அறைக்குள் யார் வந்தாலும் கட்டைக்குப் பின்னால் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். டாலர்கள் வந்த இரண்டாவது வாரத்தில் அது மாறியது. நான் போய் நின்றால் டாலர்கள் பதறாமல் திரிகின்றன, அதைப் பார்த்துவிட்டு ஆஸ்கர் மெதுவாகத் தலையை நீட்டுகிறது, அப்புறம் கண்ணாடிக்கே வந்துவிடுகிறது. சின்ன மீன்கள் நிம்மதியாகத் திரிந்தால் ஆபத்து இல்லை என்று பெரிய மீன் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அடிமட்டத்துக்கு எனக்குப் பிடித்தது பிச்சிர். பாம்பு மாதிரி நீண்ட உடம்பு, முதுகு நெடுக வரிசையாகச் சின்னத் துடுப்புகள், கெட்டியான செதில். ஆஸ்கர் கொத்தினாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. அதை 8 அங்குலத்துக்குக் குறையாமல் விட வேண்டும். அதற்குக் கண்பார்வை மந்தம், மோப்பம் பிடித்துத்தான் தீனியைத் தேடும். அது கண்டுபிடிப்பதற்குள் ஆஸ்கர் எல்லாவற்றையும் காலி செய்துவிடும் என்பதால், விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து அதற்கென்று தனியாகத் தீனி போட வேண்டும். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும் மீன், அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும். இடுக்கு கிடைத்தால் வெளியேயும் வந்துவிடும். இவை தவிர செவரம், டின்ஃபாயில் பார்ப், ஓரளவு வளர்ந்த கிளவுன் லோச் கூட்டம் ஆகியவையும் ஆஸ்கரோடு பலரிடம் நன்றாக இருந்து பார்த்திருக்கிறேன்.

பிளவர்ஹார்ன் என்ற முரட்டு மீனைத் தனியாகத்தான் விட வேண்டும், அதில் பேச்சே இல்லை. பேரட் மீன் பார்க்கக் குண்டாகப் பலமாகத் தெரியும், ஆனால் அந்தக் கலப்பினத்துக்கு வாய் முழுதாக மூடாது, சண்டை வந்தால் திருப்பிக் கடிக்க வழியில்லை. சாதுவான ஆஸ்கர் என்றால் விடலாம், முரட்டு ஆஸ்கர் என்றால் பாவம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் வகை மீன்களைச் சண்டைக்காரர்கள்தானே, சமாளித்துக்கொள்ளும் என்று விடுகிறார்கள். அவற்றுக்கு pH 8-ஐ ஒட்டிய கடின நீர் வேண்டும், ஆஸ்கர் மென்மையான நீரில் வாழ்ந்த இனம். விரால் வகைகள் ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியில் வேறெதையும் உயிரோடு விடுவது சந்தேகம்.

ஜோடி என்றதும் ஞாபகம் வருகிறது. 'அப்படியானால் இன்னொரு ஆஸ்கரே விடலாமே' என்று தோன்றும். இரண்டும் ஜோடி சேர்ந்தால் தட்டையான கல்லில் முட்டையிட்டுவிட்டுப் பாதித் தொட்டியைத் தங்கள் எல்லையாக்கிக்கொள்ளும், மற்ற மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்க வேண்டியதுதான். சேராவிட்டால் ஒன்று மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும். மூன்று விடுவது அதைவிட மோசம், இரண்டு சேர்ந்து மூன்றாவதை ஓட ஓட அடிக்கும். ஒரே இனத்திலும் மீனுக்கு மீன் குணம் மாறும் என்பதால், நான் மேலே சொன்ன எதுவும் உங்கள் ஆஸ்கருக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆகவே புது மீன் வாங்குவதற்கு முன்பே, துளை போட்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்றைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்குச் சண்டை முற்றும்போது அதைத் தேடி அலைய முடியாது.

சேர்க்கும் விதத்திலும் நிறைய இருக்கிறது. புது மீனை 3, 4 வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கிற அன்று ஆஸ்கருக்கு வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டு, கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் கலைந்துவிட்டால் ஆஸ்கரும் புதிதாக வந்த மீன் மாதிரிதான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் புது மீனை விடுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் முறைப்பதும், செவுளை விரித்துக் காட்டுவதும், ஓரிரு முறை வாயோடு வாய் பிடித்துத் தள்ளுவதும் சகஜம். ஒரு மீன் மேல் மூலையிலோ பில்டர் குழாய்க்குப் பின்னாலோ நிறம் வெளுத்து நின்றுகொண்டு, தீனிக்கும் வராமல் இருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். துடுப்பு கிழியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மீன் கூடினால் கழிவும் கூடும். வேட்டை மீன்கள் புரதம் தின்பவை, சிந்திச் சிதறித் தின்பவை. கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே. அதற்கேற்ற பில்டர் இல்லாமல் துணை தேடுவதில் அர்த்தம் இல்லை. உயிருள்ள கோல்ட்ஃபிஷ் குட்டிகளைத் தீனியாகப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நோய் கொண்டுவரும் என்பது ஒரு பக்கம், அதில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

உங்கள் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். அது வளர்ந்த ஒரு ஆஸ்கருக்கே அளவாகத்தான் இருக்கும். நானாக இருந்தால் அதில் எதையும் சேர்க்க மாட்டேன். தனியாக இருக்கிறதே என்று நமக்குத்தான் பாவமாக இருக்கிறது. ஆஸ்கர் வளர்ப்பவரை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடி ஓரமாகவே அலையும் மீன், தீனி போடுகிற ஆள் பக்கத்தில் இருந்தால் அதற்குப் போதும். பின்னால் 6 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள தொட்டி வாங்கினால், அதில் முதலில் 6 சில்வர் டாலர்களை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு பிச்சிர். அவை இடம் பிடித்துப் பழகிய பிறகு, கடைசியாக ஆஸ்கரை மாற்றுங்கள்.